தேயிலை மரத்தில் ஏணி

“உங்கள் ஊரில் தேயிலை மரங்கள் மிகவும் உயரமாமே?”

“ஆமாம், மேடம்.”

“ஏணி வைத்து ஏறித்தான் கொழுந்து பறிப்பார்களாமே?”

“ஆமாம், மேடம். நீளமான ஏணி.”

இந்தப் பேச்சு நடந்தது ஆங்கிலத்தில். கேட்டது நான். பதில் சொன்னது சுகந்தி. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்துதான் பாடசாலைக்குப் போய் வந்தவள். அவளுடைய அம்மா லெட்சுமி அக்கா அன்று காலையிலும் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார். தேயிலைச் செடி இடுப்பு உயரம்தான் என்பது அந்த வீட்டு நாய்க்குட்டிக்கும் தெரியும்.

பக்கத்தில் இருந்த மாணவி பஸ்னா, முக்காட்டுத் துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. நாற்காலி மட்டும் குலுங்கியது.

நான் தமிழுக்கு மாறினேன்.

“ஏன் சுகந்தி, உங்கம்மா இதுவரைக்கும் எத்தன தடவ ஏணியில இருந்து விழுந்திருக்காங்க?”

“விழல மிஸ்.”

“ஏன் விழல?”

“ஏணியே இல்லியே மிஸ்.”

“அப்புறம் எதுக்கு ஆமான்னு சொன்ன? அதுல நீளமான ஏணின்னு வேற!”

தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்க நேர்முகத்துல வரப்போற வெள்ளக்கார மேடம் மாதிரியே கேட்டீங்க. இல்லைன்னு சொன்னா மரியாதையா இருக்காதேன்னு… வெறும் ஆமா மட்டும் சொன்னா கவனிக்கலன்னு நெனச்சிருவாங்கன்னு ஏணிய கொஞ்சம் நீட்டிட்டேன்.”

பஸ்னாவின் நாற்காலி சுவரில் போய் இடித்தது.

எதிர்த்துப் பேச டியூசன்

இந்த வாரப் பத்தியில் பஸ் பயணத்தைப் பற்றி இரண்டு வாரம் எழுதியது போதும், இனி பஸ்ஸிலிருந்து இறங்கு என்று தம்பி சொல்லிவிட்டான். இறங்கிவிட்டேன்.

வாரநாட்களில் நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. சனியும் ஞாயிறும் பதுளை நகரில் பகுதிநேர வேலை. கீழே ஆயுர்வேத மருந்துக் கடை, மேல்மாடியில் எங்கள் வகுப்பு. கடையில் கஷாயம் கொதிக்கும் நாட்களில் ஆங்கிலத்துக்கும் அந்தக் கசப்பு வாசனை ஏறிவிடும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகப்போகும் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். ஆனால் விரிவுரை மண்டபத்தில் தேவைப்படுவது வேறு ஆங்கிலம். ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும், அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எதிரே இருப்பவர் பேராசிரியராகவே இருந்தாலும், ‘நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை’ என்று முகம் கோணாமல் சொல்ல வேண்டும். அதைத்தான் நான் கற்பிக்கிறேன்.

இதை அம்மாவுக்கு விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

“எதுத்துப் பேசறதுக்கு டியூசனா? நீ சின்னதுல இருந்து அத சும்மாவே செஞ்சுக்கிட்டு இருந்தியே!”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாகப் படித்த முதல் ஆள் நான்தான். இதை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லாமல் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரத்துக்குச் சொல்லியாயிற்று.

சுகந்தியின் விஷயத்துக்கு வருகிறேன். குளிர்நாடு ஒன்றின் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படிக்க விண்ணப்பித்திருந்தாள். செலவையெல்லாம் பல்கலைக்கழகமே ஏற்கும் முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் இல்லை. பரீட்சைப் பெறுபேறுகள் போய்விட்டன, கட்டுரையும் போய்விட்டது. மிச்சம் இருந்தது இணையவழி நேர்முகப் பரீட்சை ஒன்றுதான். எங்களிடம் படித்துப் போன ஒரு மாணவன் எச்சரித்திருந்தான். பிள்ளை தன் கருத்தில் நிற்கிறதா என்று பார்க்க, கேட்பவர்கள் வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்வார்களாம்.

அதற்கான ஒத்திகையில்தான் இவள் தேயிலை மரத்தில் ஏணியைச் சாத்தினாள்.

கட்டுரையில் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் தங்கள் லயத்துக்குப் போகும் பாதை ஏன் கீழே இறங்குகிறது என்று எழுதியிருந்தாள். எந்த இடத்தில் மண் சிவப்பு, எந்த இடத்தில் மஞ்சள், எங்கே தண்ணீர் ஊறுகிறது என்றெல்லாம் தானே பார்த்து எழுதியது. “மண்சரிவுல புதைஞ்சு போன மீரியபெத்தயப் பத்தி ஒரு பந்தி போடு, வாசிக்கிறவங்க அழுதுருவாங்க” என்று பஸ்னா யோசனை சொன்னபோது, சுகந்தி தாளைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள்.

“மண்ணுக்குள்ள போனது அவங்க வீடு. அங்க எங்களுக்கு யாரும் இல்ல. அத நான் எப்புடி எடுத்து எழுதுறது?”

தாளில் அவள் அப்படி. ஆளைப் பார்த்துவிட்டால்தான் தலை தானாக ஆடத் தொடங்கும்.

பெரட்டில் ஒரு வித்தை

அந்தத் தலையாட்டல் எனக்குப் புதிதில்லை. நான் வளர்ந்ததே அதற்குள்தான்.

தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. ஆட்கள் வரிசையாக நிற்க, யாருக்கு எந்த மலையில் என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். அங்கே யாரும் எதிர்த்து ஒரு சொல் பேசிப் பார்த்ததில்லை. என் அப்பா கவ்வாத்து வெட்டுபவர். முற்றிய தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டி மட்டம் செய்யும் வேலை.

“மேல இருந்து வெட்டிக்கிட்டே எறங்கு” என்பார் கணக்கப்பிள்ளை.

“ஆமாங்க.”

அப்பா மலைக்குப் போய் அடியிலிருந்து தொடங்கி மேலே ஏறுவார். அதுதான் அவருக்கு வசதி.

சாயந்தரம் கணக்கப்பிள்ளை கேட்பார். “மேல இருந்துதானே வெட்டுன?”

“ஆமாங்க.”

இருவருக்கும் திருப்தி. ஒரு நாள் நான் தாங்காமல் கேட்டேன். “ஏம்ப்பா இப்புடி? உண்மையச் சொன்னா என்ன?”

“உண்மையச் சொன்னா பேசிக்கிட்டே நிக்கணும். ஆமாங்கன்னா வேலையப் பார்க்கப் போயிரலாம்.”

அப்பா மனதார ஒத்துக்கொள்ளும்போது ‘சரி’ என்பார். ‘ஆமாங்க’ என்றால் அந்த விஷயத்தில் அவருக்கு வேறு திட்டம் இருக்கிறது என்று பொருள். வீட்டில் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். கணக்கப்பிள்ளைக்குக் கடைசி வரை தெரியாது.

எனக்கு அந்த வித்தை வரவில்லை. பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தோட்டத் தலைவர் மாலை போட்டுவிட்டு மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார். “படிச்சு முடிச்சு நம்ம தோட்டத்துக்கே திரும்பி வந்து சேவை செய்யணும். செய்வியாம்மா?”

“ஆமாங்க” என்றேன். சொன்னபடியே வந்தும்விட்டேன். அதில் எனக்குப் பெருமைதான். சும்மா ஒன்றும் இல்லை, கொஞ்சம் அதிகமான பெருமை.

அதனால்தான் சுகந்தி கட்டுரையை அனுப்புவதற்கு முன்பு, அதன் கடைசியில் ஒரு வாக்கியம் குறைகிறது என்று எனக்குத் தோன்றியது. நானே சொல்லிக் கொடுத்தேன். ‘கற்ற கல்வியோடு திரும்பி வந்து என் மக்களுக்குச் சேவை செய்வதே என் கனவு.’

“நல்லாருக்கா?”

“ஆமாங்க மிஸ்.”

எழுதிக்கொண்டாள். அந்தக் கட்டுரையிலேயே சிறந்த வாக்கியம் அதுதான் என்று அன்றைக்குப் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

கைக்குட்டையில் சாயம்

ஏணிச் சம்பவத்துக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு முடிந்து இறங்கும்போது பதுளையின் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. பஸ்னாவின் வாப்பா ஹனீபா நானாவின் துணிக்கடை பக்கத்தில்தான். ஒதுங்கலாம் என்று ஓடினோம்.

உள்ளே ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. லெட்சுமி அக்கா சொந்தக்காரர் வீட்டுச் சடங்குக்குச் சீலை எடுக்க வந்திருந்தார். எங்களுக்கு முன்னே இறங்கி வந்திருந்த சுகந்தி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“இது சாயம் போகும் நானா.”

“போகாது, தாயி.”

“போகும். போன தீவாளிக்கு எடுத்தது போச்சே. ஒரு தொவைப்புக்கு ஊட்ல உள்ள வெள்ள எல்லாம் ரோசாப்பூ கலராயிருச்சு.”

“அது வேற எங்கயாவது எடுத்திருப்பீங்க.”

“வேற எங்க? உங்க கடப் பையிலதான் இன்னும் கருவாடு கட்டி வச்சிருக்கேன். பேர் போட்டிருக்கு. எடுத்தாரவா?”

மலையில் லெட்சுமி அக்காவின் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே கடை முழுவதும் கேட்டது. ஹனீபா நானா சளைக்கவில்லை. “அது பழைய சரக்கு. இது புதுசு. சாயம் கெட்டியா ஈக்குது” என்றார்.

அப்போதுதான் அது நடந்தது. சுகந்தி ஒரு வார்த்தை பேசாமல் சீலையின் தலைப்பை எடுத்தாள். விரலை மழைத்தண்ணீரில் நனைத்துத் துணியில் தடவினாள். நானாவின் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக் கைக்குட்டையைக் காட்டி, “கொஞ்சம் குடுங்க” என்று வாங்கினாள். அழுத்தி ஒரு தேய். கைக்குட்டையை விரித்து மேசையில் வைத்தாள். நடுவில் மருதாணி வைத்தது போலச் சிவப்பு.

“இந்தா பாருங்க” என்றாள்.

கருத்து, ஆதாரம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. பலகையில் கட்டம் போட்டு நான் மாதக்கணக்கில் கற்பித்த அத்தனையும் அந்த மேசை மேல் கிடந்தது. முதல் நாள் என் முன்னால் ஏணி ஏறிய அதே பிள்ளை!

“நானா, அடுத்த கிழமை வகுப்ப உங்க கடையில வைக்கலாமா?” என்று கேட்டேன்.

“எனக்கு இங்கிலீசு வராதே, டீச்சர்.”

“வேணாம். நீங்க தமிழ்ல பொய் சொல்லுங்க. இவ இங்கிலீஷ்ல மறுத்துப் பேசட்டும்.”

“பொய் சொல்றதா? நான் யாவாரி, டீச்சர். பொய்யெல்லாம் வராது.”

“வாப்பா!” என்றாள் பஸ்னா.

அடுத்த ஞாயிறு ஹனீபா நானா வெளுத்துவாங்கினார். குளிக்கும் துவாயை எடுத்து விரித்து, “இது அசல் காஞ்சிபுரம் பட்டு” என்றார். பஸ்னா ஆங்கிலத்தில் சொன்னாள். சுகந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, “மன்னிக்க வேண்டும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. இது தண்ணீரை உறிஞ்சுகிறது” என்றாள் ஆங்கிலத்தில். பாடசாலைச் சீருடைத் துணி எடுக்க வந்த ஒரு சிங்களப் பெண்மணி அதை விளங்கிக்கொண்டு, “ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் ‘சரி’ போட்டு சுகந்தியின் பக்கம் சேர்ந்துகொண்டார். நானா உடனே கட்சி மாறி, “அப்ப இது தண்ணி குடிக்கிற பட்டு” என்றார்.

கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “டீச்சர், இந்தப் புள்ளய சீக்கிரமா வெளிநாட்டுக்கு அனுப்பிருங்க. இங்க ஈந்தா என்ட யாவாரம் போயிரும்.”

அதற்கடுத்த வகுப்பில் மறுபடியும் கேட்டேன். “ஏணி வைத்துத்தான் கொழுந்து பறிப்பார்களாமே?”

“இல்லை, மேடம். தேயிலைச் செடி என் இடுப்பு வரைக்கும்தான். ஏணியைச் சாத்தினால் செடி முறிந்துவிடும். ஒரு நாள் வாருங்கள், காட்டுகிறேன்.”

என் கற்பித்தல் முறையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சாத இடத்தில் அது என் வழக்கம்.

பலகைக் கதவுக்கு வெளியே

நேர்முகப் பரீட்சை ஒரு பிற்பகலில் எங்கள் மாடியிலேயே நடந்தது. சுகந்தி உள்ளே லெப்டொப்புக்கு முன்னால். மெல்லிய பலகைக் கதவுக்கு வெளியே நானும் பஸ்னாவும், காதைக் கதவில் வைத்தபடி. லெட்சுமி அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் மகளின் குரல் ஏறுவதும் இறங்குவதும் அவருக்குப் போதுமாக இருந்தது.

கேட்டவர்கள் இரண்டு பேர். முதலில் ஒரு பெண்.

“தேயிலை வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தேயிலை மலைகளில் மண்சரிவுப் பயமே இல்லை. அப்படித்தானே?”

வந்துவிட்டது. நான் மூச்சை அடக்கினேன்.

“மன்னிக்க வேண்டும், மேடம். என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் லயத்துக்கு மேலே இருப்பதும் தேயிலைதான். பாதை ஒவ்வொரு மழைக்கும் இறங்குகிறது. என் கட்டுரையில் அந்த இடங்களைக் குறித்திருக்கிறேன்.”

பஸ்னா என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது பாராட்டு.

பிறகு ஓர் ஆண் குரல். வயதானவர், அன்பாகப் பேசினார். “உங்கள் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வாக்கியம். திரும்பிப் போய் உங்கள் மக்களுக்குச் சேவை செய்வது. அழகான கனவு.”

நான் பஸ்னாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். யாருடைய வாக்கியம்?

கீழே மருந்துக் கடையில் உலக்கை இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“நன்றி, ஐயா” என்றாள் சுகந்தி. “ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.”

பஸ்னாவின் நகம் என் கையில் இறங்கியது.

“இது நீங்கள் எழுதிய கட்டுரைதானே?”

“மற்றதெல்லாம் நான் எழுதியது. எந்த இடத்தைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். அந்த ஒன்று என் ஆசிரியைக்குப் பிடித்த வாக்கியம்.”

நான் கதவிலிருந்து காதை எடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. மறுபடியும் வைத்தேன்.

“அப்படியானால் நீங்கள் திரும்பிப் போகமாட்டீர்களா?”

“போகலாம், ஐயா. போகாமலும் இருக்கலாம். எனக்கு இப்போது தெரியாது. தெரியாததை வாக்குறுதியாகத் தரக் கூடாது. கொழும்பிலிருந்து வரும் மாணவரிடம், திரும்பிக் கொழும்புக்குப் போவாயா என்று கேட்பீர்களா? சரிகிற மலை எங்கள் தோட்டத்தில் மட்டும் இல்லை. எனக்கு மண்ணைப் படிக்க ஆசை. அதனால்தான் விண்ணப்பித்தேன்.”

பிறகு அந்தப் பெண், “நன்றி, நாங்கள் அறிவிக்கிறோம்” என்றார். அதோடு முடிந்தது.

புலமைப்பரிசில் படியிறங்கிப் போய் பஸ் ஏறிவிட்டது என்றே நினைத்தேன். கதவைத் திறந்துகொண்டு சுகந்தி வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“மிஸ், கோவமா?”

“இல்ல.”

“கோவம்தான்.”

“இல்லைன்னு சொல்றேன்ல?”

“என்னால ஏத்துக்க முடியல மிஸ்.”

லெட்சுமி அக்கா எழுந்து வந்தார். “என்னா டீச்சரு, நல்லா பேசுனாளா?”

“எதுத்துப் பேசிட்டா அக்கா.”

“அதுக்குத்தானே உங்ககிட்ட அனுப்புனேன்?”



மைக்குக்கு முன்னால்

சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. முழுப் புலமைப்பரிசில். அந்த வாக்கியம் நல்ல வாக்கியம்தான் என்று நான் இப்போதும் சொல்வேன். யாரும் கேட்காததால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வழியனுப்பும் கூட்டம் சுகந்தியின் தோட்டத்துக் கோயில் முன்னால் நடந்தது. மைக் செட் போட்ட இடமெல்லாம் அப்பாவும் கிளம்பிவிடுவார். எங்கள் தோட்டம் பக்கத்தில்தான், இருவரும் நடந்தே போனோம். முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது. ஹனீபா நானா குடும்பத்தோடு வந்து, அவளுக்கு ஒரு கம்பளிப் போர்வை கொடுத்தார். “சாயம் போகாது மகள்” என்றார். சுகந்தி விரலை நனைப்பது போலச் சும்மா பாவனை காட்டினாள். நானா கைக்குட்டையைப் பையின் ஆழத்தில் தள்ளிவிட்டார்.

மாலை விழுந்தது. தலைவர் வேறு, மைக் வேறு, கேள்வி மட்டும் அதேதான்.

“படிச்சு முடிச்சு நம்ம தோட்டத்துக்கே திரும்பி வந்து சேவை செய்யணும். செய்வியா புள்ள?”

மைக் அவள் வாய்க்கு நேராக வந்தது. அவள் முன்வரிசையில் என்னைத்தான் பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன்.

“தெரியலீங்க” என்றாள் சுகந்தி. “நல்லா படிப்பேன். அது மட்டும் தெரியும்.”

கூட்டம் திகைத்தது. தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், கோளாறு அதில்தான் என்பது போல. பின்னாலிருந்து லெட்சுமி அக்கா, “அது போதும் தலைவரே, புள்ளைக்கு வேர்க்குது, எறக்கி விடுங்க!” என்று கத்தினார். சீலைக் கடைக் குரல். எல்லாரும் சிரித்துக் கைதட்டிவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் தேயிலைக்கு நடுவே அப்பா முன்னால் நடந்தார். ஈரமண் வாசனை. பாதி வழியில் திரும்பாமலே கேட்டார்.

“அன்னைக்கு உன்கிட்ட கேட்டப்ப நீயும் தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தாலும் நான் வந்துதான் இருப்பேன்ப்பா.”

அப்பா ஒரு தேயிலைக் கிளையை ஒதுக்கி எனக்கு வழி விட்டார்.

“ஆமாங்க, டீச்சர்” என்றார்.